நாலு நாற்பதுக்கு எரிந்த அடுப்பு

எங்கள் வீட்டு அடுப்பு காலை நாலு நாற்பதுக்கு எரியும். அப்பாவுக்கு மில்லில் முதல் ஷிப்ட். ஐந்தரைக்கு மில் பஸ் காலனி முக்கில் வந்து நின்று ஹாரன் அடிக்கும். அதற்குள் காபி, இட்லி, தூக்குவாளியில் மத்தியானச் சோறு எல்லாம் தயாராகிவிட வேண்டும். பாளையங்கோட்டை ஹவுசிங் போர்டு காலனியில் சி பிளாக், இரண்டாவது மாடி. நாங்கள் மூன்று பிள்ளைகளும் ஹாலில் வரிசையாகப் படுத்திருப்போம். அம்மா லைட்டரை அடிப்பது கேட்கும். முதல் இரண்டு தடவை பற்றாது. மூன்றாவது அடிக்குத்தான் பற்றும். அந்தச் சத்தம் கேட்டதும் இன்னும் ஒரு மணி நேரம் தூங்கலாம் என்ற நினைப்பில் திரும்பிப் படுப்பேன். அந்த ஒரு மணி நேரத் தூக்கம் மாதிரி ஒரு தூக்கம் அப்புறம் எனக்கு வாய்க்கவே இல்லை. இப்போது எனக்கு ஐம்பத்தேழு வயது.

அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. போன ஆனியில் காலனியை இடிக்கப் போகிறார்கள் என்று தம்பி கோமதிநாயகம் போனில் சொன்னான். அவன் குடும்பம் ஏற்கெனவே காலி செய்து பக்கத்துத் தெருவில் வாடகைக்குப் போயிருந்தது. அவன் மகள் இதழினியின் கல்யாண வேலையில் அலைந்துகொண்டிருந்தான். நான் சென்னையிலிருந்து ஒரு நாள் வந்து, வாட்ச்மேனிடம் சொல்லி வீட்டைத் திறந்து, அடுப்புக்குப் பின்னால் சுவரில் இருந்த வெள்ளை டைலில் ஒன்றை உளியால் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனேன். நாலங்குல டைல். அம்மாவோடு பொழுதெல்லாம் இருந்தது அதுதான் என்று எனக்கு ஒரு நினைப்பு.

டைலை வைத்து என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். அதுதான் என் வேலை. பீங்கான், ஓடு, டைல் இவற்றுக்குள் அணு அளவில் இருக்கும் குறைகளைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிற ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடமாக இருக்கிறேன். நான் சேர்ந்த புதிதில் ஒரே ஒரு ஆக்சிஜன் அணுவை எடுத்துவிட்டால் சுற்றியிருக்கும் அணுக்கள் எப்படி நகரும் என்று பார்க்கவே மெஷின் மூன்று நாள் ஓடும். இரண்டாவது நாள் கரண்ட் போய்விட்டால் மறுபடியும் முதலிலிருந்து. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கம்ப்யூட்டர் அறைக்குள் போக வேண்டும். ஏ.சி. குளிரில் வெறுங்காலோடு நின்றுகொண்டு, திரையில் ஒரு எண் குறைகிறதா என்று பார்ப்போம். குறைந்தால் ஆளுக்கு ஒரு டீ. இப்போது கோடி அணுக்களைக் கால் மணியில் போட்டுவிடலாம். டீக்குப் போகத்தான் யாரும் கூப்பிடுவதில்லை.

பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால் எங்களில் ஒருத்தருக்கு ஒரு யோசனை வந்தது. குறைகள் எப்படி மாறும் என்று முன்பக்கம் கணக்குப் போடுகிறோமே, காலத்தில் பின்பக்கமாகப் போட்டு, முன்னால் எப்போதெல்லாம் சூடு பட்டது என்று பார்த்தால் என்ன? முதலில் தீ விபத்து வழக்குகளுக்குச் செய்தோம். அப்புறம் அருங்காட்சியகக்காரர்கள் வந்தார்கள். அப்புறம் சாதாரண ஜனங்கள், பழைய வீட்டு டைலைத் துணியில் சுற்றிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள்.

மஸ்கட்டில் இருக்கும் என் அக்கா உலகம்மைக்கு இதை விளக்கவே ஒரு முழு போன்கால் ஆனது.

"அது எப்படில டைல்ஸுக்குத் தெரியும், அடுப்பு எப்ப எரிஞ்சதுன்னு?"

"டைல்ஸ்ங்கது மண்ணுதானக்கா. சிலிக்கனும் ஆக்சிஜனும் கை கோத்துக்கிட்டு நிக்கும். ரேஷன் கடை கூட்டம்னு வச்சுக்கோயேன். அங்கங்க ஆள் நிக்க வேண்டிய இடத்துல ஆள் இருக்காது. அந்தக் காலி இடத்துல எலக்ட்ரான் போயி மாட்டிக்கிடும். சும்மா இருந்தா நாளுக்கு நாள் சேந்துக்கிட்டே போகும். சூடு பட்டா கொஞ்சம் கிளம்பி ஓடிரும். எவ்வளவு தங்கியிருக்கு, எவ்வளவு ஓடியிருக்குன்னு பாத்தா அடுப்பு எரிஞ்ச கதை வந்துரும்."

"இதுக்குப் போயி உனக்குச் சம்பளம் குடுக்காங்களா?"

"குடுக்காங்க."

"நல்ல ஊருதான்" என்றாள் அக்கா. "சரி, அம்மா அடுப்பைப் பாத்துச் சொல்லு. எனக்குக் கேக்கணும் போல இருக்கு."

எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. டைலில் இப்போது இருக்கிற குறைகளுக்கு நூறு விதமான பழைய கதை பொருந்தும். அதனால் ப்ரோகிராமுக்கு முதலில் ஒரு தொடக்கம் கொடுக்க வேண்டும். டைலுக்கு என்ன வயது, வீட்டில் எத்தனை பேர், சுமாராக எத்தனை மணிக்குச் சமையல் என்று. அந்தத் தொடக்கத்துக்கு எந்தக் கதை பக்கத்தில் இருக்கிறதோ அதைத்தான் அது எடுத்துக் கொடுக்கும். ஆகவே எங்கள் இடத்தில் ஒரு வழக்கம். அந்த வீட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்தான் தொடக்கம் போட வேண்டும். சொந்த வீட்டு டைலை யாரும் தொடக்கூடாது. சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. எழுதி ஒட்டியவன் நான்தான்.

அன்றைக்கு அந்த அறிவிப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு நானே தொடக்கம் போட்டேன். எங்கள் அம்மா அடுப்பைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்? டைலின் வயது ஐம்பத்திரண்டு என்று அடித்தேன். நாங்கள் அந்த வீட்டுக்குக் குடி வந்து அத்தனை வருடம். காலை நாலு நாற்பது, பதினொன்றே கால், சாயங்காலம் ஆறரை. அம்மா கடைசிவரை அப்படித்தான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நான் இரண்டிரண்டு நாள் ஊருக்குப் போகும்போது, எண்பது வயதிலும் நாலு நாற்பதுக்கு அடுப்புப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எனக்குத் தேங்காய்ப்பால் சொதி வைத்துக் கொடுத்தாள். என் கண்ணால் பார்த்தது. பண்டிகை, பரீட்சை, விசேஷம் என்று ஞாபகம் இருந்த நாள்களையும் தேதியோடு சேர்த்துக் கொடுத்தேன்.

கணக்கு வந்தது. அப்படியே என் அம்மா. ஐம்பது வருடக் காலைகள், ஒரு நாள் விடாமல்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரையும் வீடியோ காலில் கூப்பிட்டேன். மஸ்கட்டிலிருந்து அக்கா. பாளையங்கோட்டையிலிருந்து கோமதியும் அவன் மனைவி பகவதியும். கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள். அவர்களுக்குப் பின்னால் கட்டிலில் பத்திரிகைக் கட்டு கிடந்தது.

நான் வருடம் வருடமாக வாசித்தேன். "தொண்ணூத்தி ஆறு. தீபாவளிக்கு முந்தின நாள். அடுப்பு பதினோரு மணி நேரம் எரிஞ்சிருக்கு."

"அந்த வருசந்தான்ல" என்றாள் அக்கா. "அதிரசத்துக்குப் பாகு பதம் நான் பாக்கேன்னு அப்பா உள்ள போயி, அத்தனையும் கல்லாப் போச்சே. அம்மா மறுபடியும் மொதல்லேர்ந்து செஞ்சா."

"நாய்க்குப் போட்டோம். நாயும் திங்கல" என்றேன்.

அக்கா சிரித்து, அப்படியே அழுதாள். பகவதி கூடச் சிரித்தாள். கோமதி மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எப்போதும் அப்படித்தான், நான் கவனிக்கவில்லை. எனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நடந்த மாதம், அக்காவைப் பெண் பார்க்க வந்த நாள், அப்பா ரிட்டயர் ஆன மறுநாள் என்று ஒன்றரை மணி நேரம் போனது. அப்பா ரிட்டயர் ஆன மறுநாளும் நாலு நாற்பதுக்கு அடுப்பு எரிந்திருந்தது.

அப்புறம் அக்கா கேட்டாள். "கடைசி வருசத்தை வாசி."

வாசித்தேன். நாலு நாற்பது. பதினொன்றே கால். ஆறரை. மறுநாளும் அதே. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள்வரை அதே.

"நிப்பாட்டு" என்றாள் அக்கா. குரல் மாறியிருந்தது. "கோமதி, நான் வந்து பாக்கும்போது அம்மா ஐஸ் பெட்டில எலும்பும் தோலுமா கிடந்தா. என்னன்னு கேட்டேன். வயசாயிட்டுன்னு சொன்ன. எம்பது வயசுக் கிழவியை மூணு வேளையும் அடுப்புல நிக்க வச்சு நீயும் உன் பொண்டாட்டியும் உக்காந்து தின்னுருக்கீங்க."

பகவதி எழுந்து கேமராவை விட்டுப் போய்விட்டாள்.

"ஏதாச்சும் பேசுல" என்றாள் அக்கா.

கோமதி என்னைப் பார்த்தான். "அண்ணன் கணக்கு தப்பாதுல்லா" என்று சொல்லிவிட்டு போனை வைத்தான்.

நானும் அக்கா பக்கம்தான் இருந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. சிமெண்ட் ஆலையில் சூப்பர்வைசர் வேலையை விட்டுவிட்டு காலனி வாசலில் ஜெராக்ஸ் கடை போட்டவன் கோமதி. ஏழு வருடமாக அவன் சோம்பேறி என்று நானும் அக்காவும் போனில் பேசிப் பேசி முடிவு கட்டியிருந்தோம். அதற்கு இது பொருத்தமாக இருந்தது.

கல்யாணத்துக்கு வரப்போவதில்லை என்று அக்கா சொல்லிவிட்டாள். டிக்கெட்டைக் கேன்சல் செய்தாள். "அந்தப் பிள்ளைக்கு அத்தையே கிடையாதுன்னு நினைச்சுக்கச் சொல்லு." இரண்டு நாள் கழித்து இதழினி எனக்குப் பேசினாள்.

"பெரியப்பா, மாப்பிள்ளை வீட்ல ஒரே அத்தை ஏன் வரலைன்னு கேக்காங்க. அம்மா மூணு நாளா சரியா சாப்பிடல. ஆச்சியை இவங்க பட்டினி போட்டாங்கன்னு அத்தை சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லிட்டாவ. நான் யாருக்கு என்ன பதில் சொல்ல? கல்யாணத்தைத் தள்ளி வைக்கச் சொல்லலாமான்னு இருக்கு."

"அப்பா என்ன சொல்லுதான்?"

"கடைல உக்காந்து ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டிருக்காவ."

அந்த வாரம் வியாழக்கிழமை கிளாடிஸ் என் அறைக்கு வந்தாள். நாசரேத்துக்காரி, பதினைந்து வருடமாக என்னோடு வேலை பார்க்கிறாள். பத்து டைலுக்கு ஒரு டைலை எடுத்து, தொடக்கம் எதுவுமே கொடுக்காமல் மறுபடி கணக்குப் போட்டுச் சரிபார்ப்பது அவள் பொறுப்பு. தொடக்கம் இல்லாவிட்டால் இரண்டு நாள் ஆகும், ஆனால் பொய் வராது. டைல்களுக்குப் பெயர் கிடையாது, நம்பர் மட்டும்தான்.

"சார், நாநூத்தி பன்னெண்டை யார் போட்டது?"

"ஏன்?"

"டைல்ஸோட வயசையே தப்பா அடிச்சிருக்காங்க. அம்பத்திரண்டாம். சூளையிலேர்ந்து வெளிய வந்தே ஏழு வருசந்தான் ஆகுது. ஆயிரத்து நூறு டிகிரில எல்லாம் துடைச்சு சுத்தமா இருக்கு. அதுக்கு முந்தி அதுல ஒண்ணுமே கிடையாது. முந்தின நாப்பத்தஞ்சு வருசமும் தொடக்கம் போட்டவர் மனசுல இருந்ததை அப்படியே திருப்பிக் குடுத்துருக்கு. பிள்ளைங்க பரீட்சைல பாத்து எழுதுமே, அந்த மாதிரி."

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். "ஏழு வருசத்துல என்ன இருக்கு?"

"அதுவும் தப்பு சார். மூணு வேளைச் சமையல் இருக்குதான், அது சாதாரணம். முதல் நாலு வருசம் அதுக்கு நடுநடுவுல ஒரு நாளைக்குப் பதினோரு தடவை அடுப்பு எரிஞ்சிருக்கு. ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒருக்க. ரெண்டே நிமிசம், சிம்ல. ஒரு நாள் கூட விடல. யாரோ சீக்காளி இருந்திருக்காங்க. எங்க மாமியாருக்கு முழுங்க முடியாம இருந்தப்ப நாங்க இப்படித்தான் கஞ்சியை அரை டம்ளர் அரை டம்ளரா சுட வச்சுக் குடுத்தோம். எங்களால ஆறு மாசம்தான் முடிஞ்சுது. இவங்க நாலு வருசம் செஞ்சிருக்காங்க."

"நாலு நாப்பதுக்கு?"

"அது வருசத்துக்கு நாலே நாலு நாள். தைல ரெண்டு, ஐப்பசில ரெண்டு. விருந்தாளி யாராச்சும் வருவாங்களா இருக்கும்." அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். "உங்க வீடா சார்?"

தலையாட்டினேன். அவள் தாளை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை மத்தியானம் பாளையங்கோட்டையில் இறங்கினேன். வாடகை வீட்டின் முன் அறையில்தான் இப்போது ஜெராக்ஸ் கடை. கோமதி யாருடைய ஆதார் அட்டையையோ இரண்டு பக்கமும் எடுத்துக்கொண்டிருந்தான். அந்த ஆள் போகும்வரை நின்றேன்.

"வாண்ணே" என்றான். அவ்வளவுதான்.

"அந்த டைல்ஸ் புதுசால?"

மெஷினை அணைத்தான். "ஆமா."

"எப்ப மாத்துன?"

"அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்த வருசம். லேசானதுன்னு உனக்குச் சொன்னோம்லா. லேசு இல்ல. தொண்டை சுருங்கிட்டு. இடது காலு ஊன முடியாது. நீ வரும்போது மட்டும் அடுப்புப் பக்கத்துல இருக்கணும்னு சொல்லுவா. நின்னா விழுந்துருவா. அதான் அடுப்பு மேடையை இடிச்சு ஒரு அடி இறக்கினேன், ஸ்டூல்ல இருந்தா கை எட்டுத மாதிரி. டைல்ஸ் உடைஞ்சிட்டு. அதே வெள்ளை, அதே நாலங்குலம்தான் வேணும்னு அடம். தூத்துக்குடில ஒரு சூளைல சொல்லி புதுசா சுட்டு வாங்கினேன்."

ஒரு அடி. ஏழு வருடமாக அந்தச் சமையலறைக்குள் போய் வந்திருக்கிறேன். மேடை ஒரு அடி இறங்கியது எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு உளியோடு போனபோதுகூடக் குனிந்துதான் பெயர்த்திருப்பேன்.

"அப்ப அந்தச் சொதி?"

"பகவதி வச்சது. அம்மா பக்கத்துல இருந்து கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு இருப்பா. நீ பல்லு தேச்சுட்டு வரும்போது கிண்டுவா. நீ சாப்பிடுததைப் பாத்துட்டு உள்ள போயி படுத்தா ரெண்டு நாளைக்கு எழும்ப மாட்டா."

"ஏன்டா சொல்லல?"

"யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னுட்டா. சொன்னா அக்கா வேலையை விட்டுட்டு வந்துருவா, பெரியவன் இங்கயும் அங்கயுமா அலைவான்னு. அவங்க மனசுல நான் அடுப்புல நிக்கிறவளாவே இருந்துட்டுப் போறேன்னா."

"அம்மா போன பெறகு சொல்லியிருக்கலாம். அன்னைக்கு போன்ல சொல்லியிருக்கலாம்."

கோமதி மெஷின் மூடியை இறக்கி வைத்தான். "அன்னைக்கு நீ வாசிக்க ஆரம்பிச்சதுமே தெரிஞ்சுட்டு, இது டைல்ஸ்ல இருக்காதுன்னு. அக்கா அழுதா. நீ சிரிச்ச. நானும் அந்த அதிரசத்தை நினைச்சுக்கிட்டேன். அப்பப் போயி டைல்ஸ் புதுசுன்னு சொல்லவா? அப்புறம் அக்கா பேசுனா. அதுக்கு மேல சொன்னா தப்பிக்கச் சொல்லுத மாதிரில்லா இருக்கும். நீ கம்ப்யூட்டர் சொல்லுதுங்குத. நான் ஜெராக்ஸ் கடைக்காரன்."

உள்ளேயிருந்து பகவதி வந்து நிலைப்படியில் நின்றாள். என்னை வா என்று கேட்கவில்லை.

"பகவதி, நான் தப்பு பண்ணிட்டேன்" என்றேன்.

"எங்கிட்ட சொல்லி என்ன செய்ய, அத்தான்" என்றாள். "நீங்க மதினிகிட்ட எப்படி வாசிச்சியளோ, அப்படியே உக்காந்து இதையும் வாசிங்க. எங்க முன்னால. நாங்களும் கேக்கோம்."

அக்காவைக் கூப்பிட்டேன். அவள் வேலை செய்யும் இடத்தில் இருந்தாள். முகத்தைக் காட்டாமல் குரலில் மட்டும் பேசினாள். "அந்த வீட்லேர்ந்தா பேசுத? வைக்கேன்."

"வைக்காதக்கா. நான் தொடக்கம் தப்பாப் போட்டுட்டேன். நான் வாசிச்சது ஒண்ணும் டைல்ஸ்ல இல்ல. எல்லாம் என் மண்டைல இருந்தது."

"என்னல சொல்லுத? தொண்ணூத்தி ஆறு தீபாவளி?"

"அது நமக்கு ஞாபகம் இருக்கு, அவ்வளவுதான். டைல்ஸே ஏழு வருசம்தான். இப்ப வாசிக்கேன், கேளு."

கிளாடிஸ் தந்த தாளை எடுத்து வாசித்தேன். வாசிப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரண்டு நிமிடம், சின்னத் தீ. அடுத்த நாள், அதே. அதற்கு அடுத்த நாள், அதே. ஒரு மாதம் வாசித்த பிறகும் அக்கா நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டாவது மாதமும் வாசித்தேன். பகவதி நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கடைக்கு ஒரு பெண் வந்து, எங்களைப் பார்த்துவிட்டு அப்புறம் வருகிறேன் என்று போனாள். மேடையை இறக்கியது, ஸ்டூல், சொதி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகு போனில் தூரத்தில் அரபியில் யாரோ யாரையோ கூப்பிடுவது மட்டும் கேட்டது.

"கோமதி இருக்கானா?" என்றாள் அக்கா.

"இருக்கேன்கா."

"வேலையை விட்டதும் அதுக்குத்தானா?"

"ஒண்ணரை மணிக்கு ஒருக்க மாடிக்கு ஏறணும்லா. கடை கீழ இருந்தாத்தான் தோது."

அக்கா மூக்கை உறிஞ்சினாள். மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. நாங்கள் யாருமே அப்படிப்பட்டவர்கள் இல்லை.

"கஞ்சில உப்பு போடுவியளா?" என்று கேட்டாள். "அம்மாவுக்கு உப்பு கூடவே இருக்கணும்."

கோமதி பகவதியைப் பார்த்தான். "டாக்டர் கூடாதுன்னாரு. ராத்திரிக் கஞ்சில மட்டும் துளி போடுவோம். அதுக்கே முகம் மலந்துரும்."

"காலைல மொத மொத என்ன குடுப்பிய? எல்லாத்தையும் சொல்லு. எனக்கு ஒண்ணும் தெரியாது. மொதல்லேர்ந்து சொல்லு."

மூன்று வருடத்தில் இதை அவனிடம் நாங்கள் யாரும் கேட்டதில்லை. கோமதி ஸ்டூலை இழுத்து போனுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"காலைல ஆறு மணிக்கு எழுப்பி உக்கார வைப்பேன்கா..."

"ஆறேகால்" என்றாள் பகவதி.